ஃபீல்ட் பாயிண்ட் நடுவில், பிராட்ஹெட் வலப்பக்கம் கீழே: எதைத் திருகுவது?

செம்பனைக்காட்டான் (சுங்கை சிப்புட்)

அண்ணன்மார்களுக்கு வணக்கம். வலக்கைக் காம்பவுண்ட் வில் (ரெண்டு முனையிலும் கப்பி வச்சது), 62 பவுண்டு இழுவிசை, இழுப்பு 28 அங்குலம், ரிலீஸ் (நாணை விடுவிக்கிற கருவி) வச்சுத்தான் விடுறேன். கேபிளில் கட்டின டிராப்-அவே ரெஸ்ட் (அம்பைத் தாங்கி, விட்டதும் கீழே விழுறது). கார்பன் அம்பு 28.5 அங்குலம், 400 ஸ்பைன் (தண்டு வளையுற அளவு), மூணு வேன் (வால் இறகு). 100 கிரெய்ன் எடை ஃபீல்ட் பாயிண்டில் (பயிற்சிக்கான கூர்முனை) 20 மீட்டருக்கு நாலு அம்பும் உள்ளங்கைக்குள்ள விழுது. மூணு பிளேடு பிராட்ஹெட் (வேட்டை முனை) மாட்டினா அதே குறிக்கு 10 செமீ வலம், 5 செமீ கீழே. 30 மீட்டரில் வலம் 18 செமீ ஆயிடுது.

சைட்டை (குறிபார்க்கும் கருவி) மட்டும் பிராட்ஹெட்டுக்குத் திருப்பி வச்சா போதுமா? ஆகஸ்டில் குயின்ஸ்லாந்தில் சொந்தக்காரர் பண்ணையில் காட்டுப்பன்றிக்குப் போகணும். இங்கே பழகுறது பழைய தோட்டத்துத் திடலில். பக்கத்தில் வில் கடை இல்லை, வில்லை அழுத்திப் பிடிக்கிற பிரஸ்ஸும் கையில் இல்லை.

நாணேற்றி (ஈப்போ)

சைட்டைத் தொடாதீங்க தம்பி. அது கடைசி வேலை.

அம்பு வில்லை விட்டுக் கிளம்பும்போதே லேசா கோணலா கிளம்புது. ஃபீல்ட் பாயிண்ட்னா முன்னாடி காத்து பிடிக்க ஒண்ணுமில்லை, வேன் சீக்கிரமே வாலை இழுத்து நேராக்கிடும். பிராட்ஹெட்டில் பிளேடுதான் இறக்கை. முன்னாடி ஒரு இறக்கை, பின்னாடி ஒரு இறக்கை, ரெண்டும் இழுபறி. முன்னாடி இருக்கிறது எந்தப் பக்கம் சாய்ஞ்சிருக்கோ அந்தப் பக்கம் அம்பு போகும். சைட்டைத் திருப்பினா அந்த ஒரு தூரத்துக்குத்தான் குறி சரியாகும். உங்க கணக்கே சொல்லுது பாருங்க: தூரம் ஒன்றரை மடங்கு, விலகலோ ஒன்றே முக்கால் மடங்குக்கு மேல. காத்தடிச்சா இன்னும் மோசம்.

ஒரு கேள்வி. பிராட்ஹெட் எத்தனை கிரெய்ன்? பாக்கெட்டைப் பார்த்துச் சொல்லுங்க.

செம்பனைக்காட்டான்

125 போட்டிருக்கு அண்ணே.

நாணேற்றி

அப்போ நீங்க ஒப்பிட்டது ரெண்டு வேற அம்பு. தலை ரெண்டும் ஒரே எடையா இருக்கணும், பேச்சே அங்கிருந்துதான் ஆரம்பம். 0.01 கிராம் காட்டுற சின்ன டிஜிட்டல் தராசில் நிறுத்துப் பாருங்க. 100 கிரெய்ன்னா 6.48 கிராம், 125ன்னா 8.1 கிராம். பாக்கெட்டில் இருக்கிறதை நம்பாதீங்க, ஒரே பாக்கெட்டிலேயே ரெண்டு மூணு கிரெய்ன் வித்தியாசம் வரும்.

25 கிரெய்ன் கூடினதால 20 மீட்டரில் அம்பு இறங்குறது சுமார் 2 செமீதான். உங்க 5 செமீயில் மிச்சத்துக்குக் காரணம் வேற. ஆனா முன்னெடை கூடினா அம்பு இன்னும் வளையும், அதாவது ஸ்பைன் பலவீனமா நடந்துக்கும். 62 பவுண்டுக்கு, 28.5 அங்குலத்துக்கு 400 ஸ்பைன் ஏற்கெனவே விளிம்பில் நிக்குது. 125ஐ மாட்டினா விளிம்பைத் தாண்டிடும். வலக்கைக்காரர் ரிலீஸில் விடும்போது பலவீன அம்பின் பிராட்ஹெட் வலப்பக்கம் போறது வழக்கமான அடையாளம்.

நம்பர் குழப்பம் வேண்டாம்: ஸ்பைன் எண் குறைஞ்சா அம்பு கெட்டி. 28 அங்குல இடைவெளியில் தாங்கி, நடுவில் 1.94 பவுண்டு தொங்கவிட்டா 0.400 அங்குலம் வளையுற அம்புதான் 400. புதுசா வாங்கினா 340 அல்லது 350. இருக்கிறதையே வச்சு ஓட்டணும்னா 100 கிரெய்ன் பிராட்ஹெட் வாங்குங்க, வில்லின் கைகளைப் பிடிச்சிருக்கிற ரெண்டு லிம் போல்ட்டையும் ஒரே அளவு தளர்த்துங்க. ஒரு முழுச் சுற்றுக்கு ரெண்டு, மூணு பவுண்டு இறங்கும். எத்தனை சுற்று வரைக்கும் போகலாம்னு வில் கையேட்டில் இருக்கும், அதைத் தாண்டக் கூடாது. அம்பை வெட்டியும் கெட்டியாக்கலாம், ஆனா உங்க 28 இழுப்புக்கு வெட்ட இடம் இல்லை. முழுசா இழுத்தா பிளேடு விரலுக்குப் பக்கத்தில் வந்து நிக்கும்.

கூலிம் மாமா

எடையும் ஸ்பைனும் சரிதான். அதுக்கு முன்னாடி அந்தத் தலை நேரா உட்கார்ந்திருக்கான்னு யாரும் கேக்கலையே? நம்ம ஊர்ல இதுதான் அதிகம். அம்புப் பெட்டியைக் கார்ல போட்டுட்டு மத்தியான வெயிலில் நிறுத்திட்டுப் போவாங்க. ஹாட்மெல்ட் பசை இளகி இன்சர்ட் (தலையைத் திருகுற உட்குழல்) கொஞ்சம் சாய்ஞ்சிடும். ஃபீல்ட் பாயிண்டில் அது தெரியவே தெரியாது.

முனையைக் கட்டைப் பலகையில் நிறுத்தி, அம்பைச் செங்குத்தா பிடிச்சு, நாக் (நாணில் மாட்டுற வால்நுனி) பக்கத்தை ரெண்டு விரலால் சுழற்றுங்க. முனையைப் பார்க்காதீங்க. தலையும் தண்டும் சேர்ற இடத்தைப் பாருங்க. அங்கே துடிச்சா தலை கோணல். அதே தலையை இன்னொரு அம்பில் மாட்டிச் சுழற்றுங்க. அங்கேயும் துடிச்சா தலைமேல குத்தம், துடிக்கலைன்னா முதல் அம்புமேல குத்தம். தண்டு நுனியை ரம்பத்தில் வெட்டிச் சதுரமா தேய்க்காம விட்டாலும் இதே கதி. நுனியில் மார்க்கர் பேனாவால கோடு போட்டு, 400 நம்பர் உப்புத்தாளில் சதுரமா பிடிச்சுத் தேயுங்க. மை சுத்திலும் ஒரே சீரா அழிஞ்சா போதும்.

இன்சர்ட்டைத் திருப்பணும்னா தீயை கார்பன் தண்டில் காட்டாதீங்க, ரெசின் கெட்டு உள்ளுக்குள்ள விரிசல் விழும். பழைய ஃபீல்ட் பாயிண்டைத் திருகி, அதைக் குறடால பிடிச்சு, பாயிண்டை மட்டும் சூடாக்குங்க. சூடு அது வழியா இன்சர்ட்டுக்குப் போகும். பசை இளகினதும் அரைச் சுற்று திருப்பிக் குளிரவிட்டு, மறுபடி சுழற்றிப் பாருங்க. எபாக்ஸின்னா இந்தச் சலுகை கிடையாது, முதல்லயே நேரா வைக்கணும்.

பிளேடும் வேனும் ஒரே கோட்டில் வரணும்னு சிலர் நாள் முழுக்க மல்லுக்கட்டுவாங்க. அதனால ஒரு பிரயோஜனமும் இல்லை.

தாப்பா வில்லாட்டம்

மாமா சொன்னது முடிஞ்சதும் ரெஸ்ட் பக்கம் வாங்க. டிராப்-அவே லேட்டா விழுந்தா வேன் அதில் இடிச்சு வாலைத் தட்டிவிடும். ரெஸ்ட் கையில் லிப்ஸ்டிக் தடவி ஒரு அம்பு விடுங்க. வேனில் சிவப்பு ஒட்டினா இடிக்குதுன்னு அர்த்தம், கயிற்றின் இழுவையைச் சரி பண்ணுங்க. அம்பு நாணுக்கு 90 பாகையில் இருக்கணும், நாக் அரை மில்லி மேலே இருந்தாலும் பாதகமில்லை. கூட ஒருத்தரை நிறுத்தி, மெதுவா இழுக்கும்போது ரெண்டு கேம் ஸ்டாப்பும் (கப்பியின் தடுப்பு) ஒரே நேரத்தில் முட்டுதான்னு பார்க்கச் சொல்லுங்க. முட்டலைன்னா ஈப்போவுக்குக் கொண்டுபோங்க, பிரஸ் இல்லாம கேபிளைத் தொடாதீங்க.

பேப்பர் டியூனிங் (காகிதம் வழியா அம்பு விட்டுக் கிழிசலைப் பார்க்கிறது) முதல்ல செய்யணும்னு யாராவது சொல்லுவாங்க. எனக்கு அதில் அவ்வளவு பிடிப்பில்லை. 2 மீட்டரில் காகிதம் கிழியுறதில் பாதி உங்க கைப்பிடி. பிராட்ஹெட்டே காகிதத்தைவிடக் கறாரான வாத்தியார்.

ஒரு விஷயம், திடலில் பிராட்ஹெட் விடும்போது பின்னாடி மண்மேடு இருக்கணும், பந்தாடுற பிள்ளைங்க இருக்கக் கூடாது. பை டார்கெட் (அடைச்ச பை) வேண்டாம், அடுக்கு ஃபோம்தான். ஒவ்வொரு அம்பையும் வேற புள்ளிக்கு விடுங்க, இல்லைன்னா ஒன்றின் பிளேடு மற்றதின் வேனை அறுத்துடும். இங்கே காட்டுப்பன்றியா இருந்தாலும் பெர்ஹிலித்தான் (வனவிலங்குத் துறை) உரிமம் இல்லாம வேட்டை கிடையாது, அதனால தோட்டத்துக்குள்ள "சும்மா ஒண்ணு" வேண்டாம்.

செம்பனைக்காட்டான்

100 கிரெய்ன் வாங்கியாச்சு. மூணு அம்பில் ஒண்ணு துடிச்சது, இன்சர்ட்டைத் திருப்பி நேராக்கினேன். ரெண்டு போல்ட்டும் ஒன்றரைச் சுற்று, இப்போ 58 பவுண்டு. லிப்ஸ்டிக் ஒட்டலை. 20 மீட்டரில் இப்போ 4 செமீ வலம், 3 செமீ கீழே. ரெஸ்ட்டை எந்தப் பக்கம் தள்ளணும்?

நாணேற்றி

பிராட்ஹெட் ஃபீல்ட் பாயிண்டைத் தேடிப் போகணும், அந்தத் திசைக்கே ரெஸ்ட்டைத் தள்ளுங்க. கீழே விழுதா, ரெஸ்ட்டை மேலே. வலத்தில் விழுதா, ரெஸ்ட்டை இடப்பக்கம். முதல்ல உயரம், அது அடங்கின பிறகு பக்கம். ஒரே நேரத்தில் ரெண்டையும் தொட்டா எது வேலை செஞ்சதுன்னு தெரியாது. ஒரு தடவைக்கு 0.8 மிமீ, அதுக்கு மேல வேண்டாம். இப்போ இருக்கிற இடத்தை ரெஸ்ட்டில் பென்சிலால குறிச்சுக்குங்க, கெட்டுப்போனா திரும்பி வரலாம்.

ஒவ்வொரு நகர்த்தலுக்கும் மூணு ஃபீல்ட், மூணு பிராட்ஹெட், மாத்தி மாத்தி விடுங்க. ரெண்டு கூட்டத்தின் நடுவையும் ஒப்பிடுங்க, ஒத்தை அம்பை வச்சு முடிவெடுக்காதீங்க. ரெஸ்ட் நகர்ந்தா ஃபீல்ட் பாயிண்டும் குறியை விட்டு நகரும், பயப்படாதீங்க. நமக்கு வேண்டியது ரெண்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி குறையுறதுதான்.

2 மிமீக்கு மேல இடப்பக்கம் தள்ளியும் வலம் அடங்கலைன்னா ரெஸ்ட்டோட மல்லுக்கட்டாதீங்க, பிரச்சினை 400 ஸ்பைனில். 350க்கு மாறிடுங்க. 20இல் ரெண்டும் சேர்ந்ததும் 30, அப்புறம் 40. 40இலும் சேர்ந்தா அப்போ சைட்டைத் திருகுங்க.