வினாடி வினா: படிக்கப் படிக்கக் கேள்வி திரையில் வர என்ன வழி?

கேள்வி:
பள்ளி அரங்கில் தமிழ் வினாடி வினா. நடத்துபவர் வாசிக்கும்போதே கேள்வி புரொஜெக்டரில் எழுத்தாக ஓட வேண்டும். குரோமில் வெப் ஸ்பீச் ஏபிஐ (பேச்சை எழுத்தாக்கும் உலாவி வசதி) வைத்துப் பக்கம் தயார். சாதாரணச் சொற்கள் சரியாக வருகின்றன. பெயர்களும் ஆண்டுகளும் சொதப்புகின்றன. வாசிப்பில் இடைவெளி விழுந்தால் மொத்தமாக நின்றுவிடுகிறது. பேச்சை எழுத்தாக்கும் இன்னொரு மென்பொருளான விஸ்பருக்கு மாறலாமா?

பதில் 1:
தொடர்ந்து கேட்கச் சொல்லும் கன்டினியூவஸை ட்ரூ என்று வைத்தாலும் பேச்சு இல்லாவிட்டால் குரோம் கேட்பதை நிறுத்திவிடும். கேட்பது நின்றதும் ஓடும் ஆன்எண்டில் மறுபடி ஸ்டார்ட்டை அழையுங்கள். இன்டரிம் ரிசல்ட்ஸும் ட்ரூவாக இருக்கட்டும், இல்லையென்றால் வாக்கியம் முடிந்த பிறகுதான் எழுத்து வரும். ஓபிஎஸ் (காட்சிகளைச் சேர்த்து ஒளிபரப்பும் மென்பொருள்) வழியாகக் காட்டுவதானால், அதற்குள்ளேயே வலைப்பக்கத்தைத் திறக்கும் பிரவுசர் சோர்ஸில் இது ஓடாது. குரோமைத் தனியே திறந்து விண்டோ கேப்ச்சரில் எடுங்கள்.

விஸ்பர் இந்த வேலைக்குத் தோதில்லை. அது ஒலியை 30 வினாடித் துண்டுகளாகப் பார்க்கும்படி அமைந்தது. சிறு துண்டாக ஊட்டினால் சொல் பாதியில் அறுபடும். மௌனத்தில் யாரும் பேசாத வாக்கியத்தைத் தானே எழுதி வைக்கும்.

பதில் 2:
கேள்விகள் முன்பே கையில் இருக்கின்றன அல்லவா? அப்புறம் மென்பொருள் கேட்டதை ஏன் அப்படியே காட்ட வேண்டும்? கேட்டதை வைத்து எந்தக் கேள்வி என்று மட்டும் கண்டுபிடியுங்கள். திரையில் உங்கள் பிழையற்ற வரியைப் போடுங்கள். பைத்தானில் ரேபிட்ஃபஸ் நூலகத்தின் பார்ஷியல் ரேஷியோ போதும், இரு வரிகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று 100க்கு மதிப்பெண் தரும். 75க்கு மேல் மதிப்பெண், அடுத்தபடியாக ஒத்துப்போகும் கேள்வியைவிட 10 கூடுதல் என்று தொடங்கி, ஒத்திகையில் மாற்றிக்கொள்ளுங்கள். 'எந்த ஆண்டு' என்றே பாதிக் கேள்விகள் தொடங்கும், அதனால் ஐந்து சொல் வரும்வரை முடிவெடுக்க வேண்டாம்.

ஒப்பிடுமுன் இரு பக்கத்தையும் என்எஃப்சிக்கு (யூனிகோடின் ஒரே சீரான வடிவம்) மாற்றுங்கள். 'கொ' என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு.

கேட்டவர்:
அருமை. ஆனால் முழுக் கேள்வியும் முன்கூட்டியே தெரிந்தால் பஸ்ஸரை அழுத்திவிடுவார்களே?

பதில் 2:
ஆமாம், வாசித்த அளவுக்கு மட்டும் திறக்க வேண்டும். சொற்களை எண்ணாதீர்கள், 'எழுதியவர் யார்' சில சமயம் ஒட்டி ஒரே சொல்லாக வரும். மென்பொருள் கேட்டதில் இடைவெளி நீக்கி எழுத்துகளை எண்ணி, கேள்வியில் அந்த இடம்வரை காட்டுங்கள். தப்பான கேள்வி பிடிபட்டால் மாற்ற ஆபரேட்டருக்கு அம்புக்குறி விசை கட்டாயம்.

பதில் 3:
ஒலியைக் கவனியுங்கள். அரங்க ஸ்பீக்கரிலிருந்து எதிரொலியோடு பிடித்தால் எந்த மென்பொருளும் திணறும். மிக்சரின் ஆக்ஸ் அவுட்டில் (தனி ஒலி வெளியீடு) நடத்துபவர் மைக்கை மட்டும் அனுப்பி, யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் வழியாக எடுங்கள். லேப்டாப் மைக் துளையில் நேரே செருகினால் மைக்கைவிட வலுவான அந்த லைன் லெவல் சிக்னலைத் தாங்காமல் ஒலி உடையும்.