புதுப்பிப்பு: ஸ்பிட்ஃபயர் வட்டச் சின்னத்தின் கறுப்பு வளையம்

போன மாதம் கேட்டது இதுதான்: இரண்டாம் உலகப்போர் கால பிரிட்டிஷ் போர்விமானமான ஸ்பிட்ஃபயர் மார்க் 1-ஐ 1/48 அளவு மாடலாகச் செய்கிறேன், ஆதாரமாக வைத்திருக்கும் பழைய படத்தில் உடற்பகுதியில் உள்ள விமானப்படை வட்டச் சின்னத்தின் வெளிவளையம் ஏறக்குறைய கறுப்பாக இருக்கிறது, அதன்மேல் வேறு பெயின்ட் பூசினார்களா என்று.

பூசவில்லை. அது மஞ்சளேதான். அக்காலத்து ஆர்த்தோகுரோமடிக் ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது, மஞ்சளும் சரியாகப் பதியாது. அதனால் இரண்டும் இருண்டுவிடும், நீலம் வெளிறிவிடும். அதே படத்தில் நீல வளையம் சாம்பலாகத் தெரிந்ததைக் கவனித்திருந்தால் அன்றே புரிந்திருக்கும். டீக்கல் (மாடலில் ஒட்டும் அச்சிட்ட சின்னம்) மேல் கை வைக்காமல் இருந்தது நல்லதாயிற்று.

ஆனால் இன்னொரு சிக்கல் முளைத்தது. வால் பக்கம் உடலைச் சுற்றி வெளிர் பட்டை ஒன்று இருக்கிறது. அந்த 'ஸ்கை' நிறப் பட்டைக்கு உத்தரவு வந்தது 1940 நவம்பர் இறுதியில்தான். கூடவே இடது இறக்கையின் அடிப்பகுதியையும் கறுப்பாக்கச் சொன்னார்கள். 1941 ஏப்ரலில் அந்தக் கறுப்பு இறக்கையைக் கைவிட்டார்கள். மாடல் பெட்டியோடு வந்த கிட் வழிகாட்டித் தாளோ பட்டையைக் காட்டிவிட்டு இரு இறக்கைகளையும் ஒரே நிறத்தில் விடுகிறது! படத்தில் மரங்கள் இலையின்றி நிற்கின்றன, ஆகவே அந்தக் குளிர்காலம்தான் என்று முடிவுகட்டி இடது பக்கம் கறுப்பு அடிக்கிறேன்.

அப்புறம், நான் அடித்திருந்த ஸ்கை நீலச் சாயலாக இருந்தது. அசல் ஸ்கை மஞ்சள் கலந்த வெளிர் பச்சை. சுரண்டிக்கொண்டிருக்கிறேன்.