டைமிங் செயின் டென்ஷனர் பூட்டிக்கொண்டது, வழி சொல்லுங்கள்

திருமங்கலத்தில் எங்கள் பட்டறையில் ஒரு சிறிய சரக்கு லாரியின் எஞ்சின் இரண்டு நாளாகப் பிரித்தபடி கிடக்கிறது. உசிலம்பட்டியிலிருந்து மாட்டுத்தாவணிக்கு மல்லிகை ஏற்றும் வண்டி. ஓட்டுநர் அண்ணன் காலையும் மாலையும் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்.

ஹெட் கேஸ்கட் மாற்றுவதற்காக வால்வுகளை இயக்கும் கேம் தண்டின் பல்சக்கரத்தைக் கழற்றியபோது, டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரின் தண்டு முழுவதும் வெளியே வந்து பூட்டிக்கொண்டது. இப்போது செயின் சக்கரத்தில் ஏறவில்லை. முன்மூடியைக் கழற்றினால் தண்டைப் பின்வாங்கவிடாமல் தடுக்கும் பூட்டுநாக்கை நெம்பித் தண்டை உள்ளே தள்ளி, துளையில் ஒரு பின்னைச் செருகிவிடலாம். ஆனால் இந்த எஞ்சினில் அதற்கு ஆயில் சம்பையும் (எஞ்சினுக்கு அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டி) இறக்க வேண்டும்.

மேலிருந்தே கொக்கிக் கம்பியால் நாக்கை விடுவித்தவர்கள் இருக்கிறீர்களா? கம்பியை எந்தப் பக்கமாக விட்டீர்கள்? கண்ணாடியும் டார்ச்சும் பிடித்துப் பார்த்தேன். நாக்கின் நுனி மட்டும் மின்னுகிறது. அடித்து ஏற்ற எனக்கு மனமில்லை. செயினும் சக்கரமும் பொருந்த வேண்டிய குறி தவறினால் வால்வு பிஸ்டனில் மோதி வளையும். கிராங்கைக் குறியில் நிறுத்தியிருக்கிறேன், யாரையும் தொடவிடவில்லை. தெரிந்தவர்கள் ஒரு படம் வரைந்து அனுப்பினாலும் போதும்.