காரைக்குடி பக்கம் பழைய கால்வாய் ஓரமா நடக்க எங்க போகலாம்?

கோட்டையூர்வாசி:
பொங்கல் லீவுக்கு ஊருக்கு வர்றோம். பசங்க ரெண்டு பேருக்கும் பறவைன்னா உசுரு. வீடு, அரண்மனை, கோயில் எல்லாம் பார்த்தாச்சு, இந்த தடவை பழைய கால்வாய் ஏதாவது ஒண்ணோட கரையில காலைல மெதுவா நடக்கணும்னு ஆசை. நம்ம பக்கம் அப்படி இருக்கா?

கண்மாய்க்கரை:
வாங்க வாங்க. நம்ம ஊருக்கு வத்தாத ஆறு கிடையாதுங்க, அதனால பெரிய கால்வாய தேடாம வரத்துக்காலை தேடுங்க. மேட்டுல பேயுற மழையை கண்மாய்க்கு கொண்டு வர்றது அதுதான், கண்மாய் நிறைஞ்சா கலுங்கு வழியா மிச்சத்தண்ணி அடுத்த கண்மாய்க்கு போகும், அப்படியே ஊர் ஊரா ஒரு சங்கிலி. கரை மேலயே நடந்தா தண்ணிக்குள்ள ரெண்டு கல்தூண் நிக்கிறத சில இடத்துல பார்க்கலாம், அது குமிழி மடை. மேல இருக்க அடைப்பை தூக்குனா அடியில தொளை திறந்து தண்ணி கரைக்கு கீழ பூந்து வயலுக்கு போயிரும். புதுக்கோட்டை பக்கம் பழைய குமிழித்தூண்கள்ல கல்வெட்டே இருக்கு, யாரு செஞ்சு வச்சாங்கன்னு. பசங்களுக்கு அவசியம் காட்டுங்க.

பாம்புத்தாரா:
பறவைன்னா வேட்டங்குடி சரணாலயம் போகாம இருக்காதீங்க, திருப்பத்தூர்லேர்ந்து மதுரை போற ரோட்டுல, 1977ல அறிவிச்சது. அதுவும் கண்மாய்தான். மழை நல்லா பேஞ்சிருந்தா தை மாசம் நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், பாம்புத்தாரா எல்லாம் கருவேல மரத்துல அடைஞ்சு கிடக்கும். பக்கத்துல கொள்ளுகுடிப்பட்டிக்காரங்க பறவை பயந்துரும்னு தீபாவளிக்கு வெடியே போடுறதில்ல, பல வருசமா. அந்த ஊர் சனத்தை நினைச்சா எனக்கு அவ்வளவு பெருமை.

அறந்தாங்கியான்:
பெரிய கால்வாயே வேணும்னா கல்லணைக் கால்வாய் இருக்கே, மேட்டூர் திட்டத்தோட வெட்டுனது, 1934ல திறந்தாங்க, கடைசியா எங்க புதுக்கோட்டை மாவட்டத்து மும்பாலை ஏரியில வந்து முடியுது. வழக்கமா ஜனவரி 28ல மேட்டூரை மூடிருவாங்க, அதனால பொங்கலுக்கு தண்ணி இருக்க வாய்ப்பிருக்கு. ஆனா கான்கிரீட் போட்ட சரிவுல பசங்களை இறங்க விடவே விடாதீங்க, வழுக்குனா ஏற பிடி கிடையாது.

கோட்டையூர்வாசி:
ரொம்ப நன்றி. அப்ப முதல் நாள் வேட்டங்குடி, அடுத்த நாள் எங்க ஊர் கண்மாய்லேர்ந்து வரத்துக்கால் பிடிச்சு மேல போறோம். யாருகிட்டயாவது கேட்டுட்டு போகணுமா?

கண்மாய்க்கரை:
கேட்டுட்டே போங்க. மீன் குத்தகை எடுத்தவங்க இருப்பாங்க, வயல்ல அறுப்பு நேரம் வேற. சீமைக்கருவேலம் மண்டி வரத்துக்கால் பல இடத்துல மறைஞ்சே போச்சு, எங்க அடைச்சிருக்குன்னு போட்டோ எடுத்து இங்க போடுங்க, கோடையில ஆளுக சேர்ந்து வெட்டலாம்.