எட்டாம் வகுப்புக்கு வீடியோ கால்: பிள்ளைகளுக்கு என்ன வேலை கொடுக்கலாம்?

குமரி டீச்சர்:
கன்னியாகுமரிப் பக்கம் அரசுப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். ஸ்மார்ட் போர்டு இருக்கிறது, நெட்டும் பரவாயில்லை. போன பருவத்தில் ஒரு பேராசிரியரை வீடியோ காலில் பேச வைத்தோம். நன்றாகத்தான் பேசினார். பிள்ளைகள் வணக்கம் சொல்லிக் கை அசைத்ததோடு சரி. என் சித்தி மகள் டில்லியில் ஒரு தமிழ்ப் பள்ளியில் டீச்சர். அவள் வகுப்போடு சேர்ந்து ஏதாவது செய்ய ஆசை. "உங்க ஊர்ல குளிரா?" என்று கேட்பதோடு முடிந்துவிடக் கூடாது.

பழைய கணக்கு வாத்தியார்:
டீச்சர், இப்படி ஒரு ஜோடி ஊர் லேசில் அமையாது. விடாதீர்கள்! இரண்டும் தீர்க்கரேகை 77 டிகிரி சொச்சம். உச்சிவேளை ஏறக்குறைய ஒரே நிமிடத்தில் வரும். பூமியின் சுற்றளவையே அளந்துவிடலாம். எரட்டோஸ்தனிஸ் என்ற கிரேக்க அறிஞர் எகிப்தில் 2,200 வருஷத்துக்கு முன்னால் செய்த கணக்குதான்.

பிப்ரவரியில் வையுங்கள். வெயில் நன்றாக இருக்கும், இரண்டு ஊரிலும் நிழல் வடக்கே விழும். ஒரு மீட்டர் குச்சியைக் கொத்தனார் தூக்குக்குண்டு பிடித்து நேராக நடுங்கள். சாய்ந்தால் எல்லாம் போச்சு. 12.15 முதல் 12.55 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழல் நுனியில் புள்ளி வையுங்கள். மிகக் குட்டையான நிழல்தான் உச்சிவேளை நிழல். எட்டாம் வகுப்புக்கு முக்கோணவியல் டேன் (tan) தெரியாது, வேண்டவும் வேண்டாம். குச்சியையும் நிழலையும் கிராப் தாளில் சிறிதாக்கி வரைந்து, இரண்டின் நுனியையும் ஒரு கோட்டால் இணைத்து, குச்சியின் உச்சியில் கோணமானி வைத்து அளக்கச் சொல்லுங்கள்.

இங்கேதான் வீடியோ கால் வேண்டும். உங்கள் கோணத்தை வைத்து மட்டும் ஒன்றும் ஆகாது, டில்லிப் பிள்ளைகள் அவர்களுடையதைச் சொல்லியாக வேண்டும். வித்தியாசம் இருபதரை டிகிரி பக்கம் வரும். வடக்கு தெற்காக இடைவெளி சுமார் 2,280 கி.மீ. பூமியின் முழு வட்டம் 360 டிகிரி, அதில் இந்த இருபதரை டிகிரித் துண்டின் நீளம்தான் அந்த 2,280. ஆகவே 360-ஐ இருபதரையால் வகுத்து 2,280-ஆல் பெருக்கினால் 40,000 கி.மீ.யை ஒட்டி நிற்கும். சென்னையோடு செய்தால் வித்தியாசம் ஐந்து டிகிரிதான். அரை டிகிரி பிசகினாலே விடையில் பத்தில் ஒரு பங்கு தவறிவிடும்.

விடையை நீங்கள் முதலில் சொல்லிவிடாதீர்கள், தயவுசெய்து.

டில்லி அம்மா:
என் மகளும் இங்கே தமிழ்ப் பள்ளிதான். அளப்பது மைதானத்தில், வீடியோ கால் வகுப்புக்குள் என்று வையுங்கள்; வெளியே காற்று இரைச்சலில் ஒன்றும் கேட்காது. வகுப்பில் ஒரே போன், பேசுகிற பிள்ளை எழுந்துவந்து அதன் முன்னால் நின்று பேசட்டும். நான்கு போனைத் திறந்தால் எதிரொலி தாங்காது. பிள்ளைகள் முகம் தெரிகிற ஸ்க்ரீன்ஷாட்டை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் யாரும் போடக் கூடாது என்றும் முன்பே சொல்லிவிடுங்கள்.

குமரி டீச்சர்:
சார், சித்தி மகளிடம் பேசிவிட்டேன், குச்சி தயார் செய்கிறாளாம். உச்சிவேளைக்குச் சரியாக மேகம் வந்தால்?

பழைய கணக்கு வாத்தியார்:
முன்னும் பின்னும் விழுந்த புள்ளிகளைக் கோடாக இணையுங்கள். குச்சிக்கு மிக அருகில் அந்தக் கோடு எங்கே வருகிறதோ, அதுவரை அளந்தால் போதும்.