'விரைவு மூலக்கூற்றுச் சோதனை' – இன்னும் நல்ல சொல் கிடைக்குமா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

காசநோயைக் கண்டறியும் 'ரேபிட் மாலிகுலர் டெஸ்ட்' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற பேச்சில், ஐயா முன்வைத்த 'விரைவு மூலக்கூற்றுச் சோதனை' இலக்கணப்படி சரிதான். ஆனால் மூலக்கூறு என்றால் எது? தண்ணீரும் மூலக்கூறு, சர்க்கரையும் மூலக்கூறு. ரத்தத்தில் சர்க்கரை பார்ப்பதைக்கூட அந்தப் பெயரில் அழைத்துவிடலாமே. காசநோய்க்கு என்று அந்தச் சொல்லில் ஒன்றும் இல்லை.

இந்தச் சோதனையைச் செய்யும் கருவி என்ன செய்கிறது என்று பார்த்தால் பெயர் தானாக வரும். ஜீன்எக்ஸ்பெர்ட் என்ற கருவியை எடுத்துக்கொள்வோம், அதை 2010 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. சளி டப்பாவில் இரண்டு பங்கு கரைசலை ஊற்றிக் குலுக்கி, கால் மணி நேரம் வைத்து, சளிக் கட்டி கரைந்ததும் கார்ட்ரிட்ஜ் என்ற சிறு பெட்டியில் விட்டுக் கருவிக்குள் செருகினால் வேலை முடிந்தது. கிருமியை உடைத்து, அதன் மரபணுவில் ஒரு சின்னப் பகுதியைப் பல மடங்கு பெருக்கிப் பார்ப்பதெல்லாம் கருவியின் பாடு. ஆர்பிஓபி என்ற மரபணுவில் 81 வேதி எழுத்து நீளமுள்ள அந்தப் பகுதியில்தான், காசநோய்க்கு முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினை முறியடிக்கும் மாற்றங்களில் ஏறக்குறைய எல்லாமே வருகின்றன. எழுத்து மாறியிருந்தால் மருந்து வேலை செய்யாது என்று இரண்டு மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். கிருமியை வளர்த்து, மருந்து போட்டுப் பார்க்கும் பழைய முறையில் இதற்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

அப்படியானால் 'மரபணுச் சோதனை' போதாதா என்று அக்கா கேட்டிருந்தார். போதாது. மரபணு என்றதும் நம் ஊரில் 'பரம்பரை நோயா?' என்றுதான் கேட்பார்கள். காசநோய் வந்த பெண்ணுக்கு வரன் பார்க்கும் வீட்டில் இந்தச் சொல் என்ன பாடுபடுத்தும் என்று யோசியுங்கள். பார்ப்பது நோயாளியின் மரபணுவை அல்ல, கிருமியுடையதை. அதனால் 'கிருமி மரபணுச் சோதனை' என்பது என் பரிந்துரை.

வெறும் 'கிருமிச் சோதனை' என்று சுருக்கவும் கூடாது. செத்த கிருமியின் மரபணுவும் சளியில் கொஞ்ச காலம் கிடக்கும். கருவிக்கு உயிருள்ளது, செத்தது என்ற பேதம் தெரியாது. சிகிச்சை பலிக்கிறதா என்று பார்க்க இதைப் பயன்படுத்தாததற்குக் காரணம் அதுதான். மாத்திரையை ஒழுங்காக முடித்தவரிடம் 'கிருமி இருக்கிறது' என்று சொன்னால் மனிதர் ஆடிப்போய்விடுவார். 'கிருமியின் மரபணு தென்பட்டது' என்றால் விளக்கிச் சொல்ல இடம் இருக்கிறது. கிருமி வடசொல் ஆயிற்றே என்பவர்கள் 'நுண்ணுயிரி' போட்டுக்கொள்ளட்டும், எனக்குச் சண்டை இல்லை. இந்தியாவில் உருவான ட்ரூநாட் என்ற இதே வகைக் கருவியின் சோதனைக்கும் இதே பெயர் பொருந்தும்.

எனக்குப் பெரிய தலைவலி இன்னொரு சொல்தான்: மருந்து கொடுத்தும் கிருமி சாகாத நிலையைச் சொல்லும் 'மருந்து எதிர்ப்பு'. பத்திரிகைகள் எல்லாம் எழுதிப் பழகிவிட்டன. ஆனால் 'நோய் எதிர்ப்புச் சக்தி' என்று விளம்பரத்தில் தினமும் கேட்கிற காது இது. 'எதிர்ப்புத் தன்மை உள்ளது' என்று சோதனை முடிவுத் தாளில் இருந்தால், 'எதிர்ப்பு இருக்குன்னு வந்திருக்கு, நல்லதுதானே சார்?' என்று கேட்பவரைக் குறை சொல்ல முடியுமா? எதிர்ப்பது யார், உடம்பா கிருமியா என்று அந்தச் சொல்லில் இல்லை.

'மருந்துக்கு அடங்காத காசநோய்' என்று எழுதலாம். வாய்க்கு இயல்பாக வருகிறது. எந்த மருந்து என்பதையும் கூடவே சொல்லலாம்: 'ரிஃபாம்பிசினுக்கு அடங்காதது'. இன்னொரு முக்கிய மருந்தான ஐசோனியசிட், ரிஃபாம்பிசின் இரண்டுக்குமே அடங்காததை 'பன்மருந்துக்கு அடங்காதது' எனலாம். 'அடங்காத' என்றால் தீராத நோய் என்று பயந்துவிடுவார்களே என்ற தயக்கம் நியாயமானதுதான். ஆனால் 'இந்த மருந்துக்கு அடங்காது, வேறு மருந்துக்கு அடங்கும்' என்று அடுத்த வரியிலேயே சொல்ல இது வசதி. இப்படி அடங்காத காசநோய்க்கு முன்பு ஒன்றரை வருடத்துக்கு மேல்கூட இழுத்த சிகிச்சை, இப்போது நான்கு மருந்துச் சேர்க்கையில் பலருக்கு ஆறு மாதத்தில் முடிகிறது. அந்தச் சேர்க்கையை 2022-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது, 2024-இல் இந்தியா ஒப்புதல் தந்தது.

சரி, ஒன்று பாக்கி. ஜீன்எக்ஸ்பெர்ட்டில் போடும் அல்ட்ரா என்ற புதிய கார்ட்ரிட்ஜில் 'ட்ரேஸ்' என்று ஒரு முடிவு வரும். மரபணு மிகமிகக் குறைவாக அகப்பட்டது, ரிஃபாம்பிசின் பற்றிச் சொல்ல முடியாது என்று பொருள். 'சுவடு' என்று போடலாமா? பழைய நோயின் தடம் என்று மட்டும் எடுத்துக்கொள்வார்களோ என்று யோசனையாக இருக்கிறது. புது நோயாளிக்கும், குறிப்பாக எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கும் குழந்தைகளுக்கும், இந்த முடிவு வந்தால் சிகிச்சை தொடங்க வேண்டியிருக்கும். 'மிகச் சிறிதளவு' தெளிவாக இருக்கிறது, ஆனால் கலைச்சொல் மாதிரி இல்லை. இலங்கை நண்பர்கள் அங்கே வழக்கில் ஏதும் இருந்தால் எழுதுங்கள்.