அடுத்த கோடி பாலத்துக்கா, திருமணிமுத்தாத்துக்கா?

அம்மாபேட்டைக்காரன்:
சேலத்துக்கு இன்னொரு மேம்பாலம் வேணும்னு இங்க பாதிப் பேர் எழுதியிருக்கீங்க. என் கருத்து வேற. அடுத்து வர்ற பெரிய பணம் திருமணிமுத்தாத்துக்குத்தான் போகணும். சேர்வராயன் மலையிலிருந்து நல்ல தண்ணியா இறங்குற ஆறு, ஊருக்குள்ள நுழைஞ்சதும் சாக்கடை ஆயிடுது. ஆனந்தா பாலத்துல நின்னு கீழ பாருங்க: கறுப்புத் தண்ணி, கேரி பேக், மார்க்கெட்ல கழிச்சுப் போட்ட முட்டைக்கோஸ் இலை, மேல நுரை. 2023-ல ஈரடுக்கு பஸ் ஸ்டாண்ட் திறந்தாங்க, சந்தோஷம். அதை ஒட்டி ஓடுற ஆறு அப்படியே கிடக்கு.

குரங்குச்சாவடி:
அண்ணா, பாலத்தைக் குறை சொல்றவங்க பழைய அஞ்சு ரோட்டை மறந்துட்டீங்க. ஜங்ஷன் பக்கம், புது பஸ் ஸ்டாண்ட் பக்கம், பேர்லேண்ட்ஸ் பக்கம்னு எல்லா வண்டியும் ஒரே இடத்துல முட்டும். ஆம்புலன்ஸ் சைரன் போட்டுக்கிட்டே நிக்கும், வழிவிட நினைச்சாலும் இடம் இருக்காது. அங்க மேம்பாலத்துக்கு 2016-ல அடிக்கல் போட்டு 2020 ஜூன்ல முழுசா திறந்தாங்க. 441 கோடி ரூபாய், 7.87 கிலோமீட்டர். அந்தக் காசு வீண்னு யாரும் சொல்லாதீங்க.

நாலு ரோடு கடைக்காரர்:
தம்பி, வேலை நடந்த வருஷங்கள்ல பாலத்துக்கு அடியில கடை வச்சிருந்தவங்களைக் கேளுங்க. தோண்டிப் போட்ட ரோட்டுல யார் வண்டியை நிறுத்தி உள்ள வருவாங்க? இப்பவும் மேல போறவங்க மேலயே போயிடுறாங்க. நான் பாலமே வேண்டாம்னு சொல்லல, யாருக்கு நஷ்டம்னும் பேசுங்கங்கறேன்.

அம்மாபேட்டைக்காரன்:
வீண்னு நான் எங்கயும் சொல்லல. அடுத்தது எதுன்னுதான் கேக்குறேன். மழை பெரிசா பெஞ்சா கிச்சிப்பாளையம், நாராயண நகர்ல வீட்டுக்குள்ள வர்றது வெறும் மழைத்தண்ணி இல்ல, சாக்கடையும் சேர்ந்து வருது. பாயும் அரிசி மூட்டையும் நனைஞ்ச குடும்பத்துக்கிட்ட போய் அஞ்சு ரோட்டுல சிக்னல் இல்லாம போலாம்னு சொல்ல முடியுமா?

குரங்குச்சாவடி:
ஆத்தோரம் தடுப்புச்சுவர் கட்டியாச்சே? குப்பையைக் கொட்டுறது நாமதான். சனங்க திருந்தாம எத்தனை கோடி போட்டாலும் ஆத்தோடதான் போகும்.

சாயப்பட்டறை வீட்டுப் பையன்:
இங்க நான் குறுக்க வர்றேன். சுவர் கரையைத்தான் காக்கும், தண்ணியைச் சுத்தம் பண்ணாது. ரெண்டு வேலை இருக்கு. ஒண்ணு, பாதாள சாக்கடைக் குழாய் தெருவுல போனா போதாது, ஒவ்வொரு வீட்டுக்கும் இணைப்பு வேணும். இணைப்பு இல்லாத வீட்டுக் கழிவு பழைய ஓடை வழியா நேரா ஆத்துக்குத்தான் போகும். ரெண்டாவது, எங்க தொழில். வெள்ளிப்பட்டறை ஆசிட்டும் சாயத்தண்ணியும் சுத்திகரிப்பு நிலையத்துக்குள்ள போனா, அங்க கழிவைத் தின்னுற நுண்ணுயிரே செத்துடும். அதனால பட்டறைக் கழிவுக்குத் தனி வழி செய்யணும். ஒரு கொலுசுப் பட்டறைக்காரர் தன் காசுல சுத்திகரிப்பு மிஷின் வாங்க முடியாது. பத்திருபது பேருக்குப் பொதுவா ஒண்ணு அரசு வச்சுக் கொடுத்தா, மாசாமாசம் பணம் கட்ட நாங்க தயார். பட்டறைக்குப் பூட்டு போட்டுட்டுப் போறது தீர்வே இல்ல.

உத்தமசோழபுரம்:
நீங்க எல்லாரும் ஊருக்குள்ளயே பேசுறீங்க. இந்தத் தண்ணி அடுத்து வர்றது எங்களுக்கு. கரபுரநாதர் கோயிலை ஒட்டி ஓடி, எங்க வயக்காட்டையும் ஏரியையும் தாண்டி நாமக்கல் பக்கம் போய்க் காவிரியில சேருது. கிணத்துத் தண்ணியை வாயில வைக்க முடியல. எங்களுக்கும் இதுல பேச்சு உண்டு.

கன்னங்குறிச்சி:
மூக்கனேரியைப் பாருங்க. 2010 வாக்குல ஊர்க்காரங்க சேர்ந்து தூர்வாரி, ஏரிக்குள்ள மண்திட்டு போட்டு மரம் நட்டாங்க. பறவை வந்துச்சு. மனசு வச்சா முடியும்.

குரங்குச்சாவடி:
ஏரி ஒரே இடம், நாலு பக்கமும் கரை. ஆத்துல ஊர் முழுக்க வந்து விழுது. தன்னார்வலர் மண்வெட்டியால முடியாது, மாநகராட்சிதான் செய்யணும். சரிண்ணா, வீட்டு இணைப்பு விஷயத்தை நான் ஒத்துக்கிறேன். எங்க தெருவுலயும் அதே கதைதான். ஆனா பாலமும் வேணும், ரெண்டையும் எதிரெதிரா நிறுத்தாதீங்க.

அம்மாபேட்டைக்காரன்:
காசு ஒண்ணுதான் தம்பி, முதல்ல எதுன்னு சொல்லித்தான் ஆகணும். திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துல மனு கொடுக்கப் போறேன். எந்த வார்டுல எத்தனை வீட்டுக்கு இணைப்பு கொடுத்தாச்சு, எத்தனை பாக்கின்னு வெளியிடணும். பட்டறைகளுக்குப் பொது சுத்திகரிப்பு வேணும். இந்த ரெண்டுதான் கேக்கப் போறேன்.

குரங்குச்சாவடி:
எங்க வார்டையும் சேருங்க. பாலம் தேவையில்லன்னு ஒரு வரி இருந்தாலும் நான் கையெழுத்து போட மாட்டேன்.

உத்தமசோழபுரம்:
எங்க ஊர்லருந்து நாங்களும் வர்றோம். எத்தனை மணிக்குங்க?